காரை இறக்கப் போறீங்களா? ஸ்பிரிங் வாங்கும் முன் இதைப் படிங்க

போன தை மாதம் என் சித்தப்பா மகன் தன் ஸ்விஃப்ட் காரோடு வீட்டுக்கு வந்தான். கார் வழக்கத்தைவிடக் குட்டையாக நின்றது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரல்தான் நுழையும். "எப்படி இருக்கு?" என்றான். பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அடுத்த வாரம் ஐந்து பேராகக் கொல்லிமலை கிளம்பினோம். அங்கே 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி மலை ஏறுவதற்குள் பின்டயர் உள்ளே உரசும் சத்தம். ஒவ்வொரு குழிக்கும் 'டம்' என்று ஓர் அடி. இறங்கும்போது ஒரு வளைவில் பின்பக்கம் துள்ளி, கார் வெளிப்பக்கமாக விலகியது. அந்த நேரத்தில் எதிரே பேருந்து எதுவும் வரவில்லை.

ஊருக்கு வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. உயரம் குறைக்கும் ஸ்பிரிங்கை மட்டும் வாங்கிப் போட்டிருக்கிறான். ஷாக் அப்சார்பர் கார் வாங்கும்போதே இருந்த பழையது. "ஸ்பிரிங் மாத்தினா போதும், ஷாக் அப்படியே ஓடும்" என்று கடையில் சொன்னார்களாம்.

அப்படி ஓடாது. காரணம் எளிதுதான். காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஸ்பிரிங் ஆடும் ஆட்டத்தை அடக்குவது ஷாக். ஷாக்குக்குள் எண்ணெய் இருக்கிறது. பிஸ்டன் அசையும்போது அந்த எண்ணெய் சின்னத் துளைகள் வழியாகப் பிதுங்கி, ஆட்டத்தின் வேகத்தை வெப்பமாக மாற்றிவிடுகிறது. உயரம் குறைக்கும் ஸ்பிரிங் குட்டையானது மட்டுமல்ல, கடினமானதும்கூட. குறைந்த இடத்துக்குள் அதே எடையைத் தாங்க வேண்டுமே! கடினமான ஸ்பிரிங் அமுங்கியதும் அதிக விசையோடு திரும்ப எழும்பும். மென்மையான பழைய ஸ்பிரிங்குக்கு அளவெடுத்துச் செய்த ஷாக்கால் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. கார் ஒரு குழிக்கு இரண்டு, மூன்று முறை துள்ளும். துள்ளும் நேரத்தில் டயருக்குச் சாலையில் பிடி இருக்காது.

இன்னொன்றும் உண்டு. காரை 35 மில்லிமீட்டர் இறக்கினால், ஷாக் கீழே அமுங்குவதற்கு இருந்த இடத்திலும் கிட்டத்தட்ட அவ்வளவு போய்விடும். பிஸ்டன் பம்ப் ஸ்டாப் என்கிற ரப்பர் கட்டைக்குப் பக்கத்திலேயே நிற்கும். ஐந்து பேர் உட்கார்ந்தால் அதன் மேலேயே உட்கார்ந்துவிடும். மலையில் கேட்ட 'டம்' அதுதான்.

அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் தாழ்ந்த ஸ்பிரிங்கோடு, அதற்கென உள்ள குட்டையான, இறுக்கம் மாற்றக்கூடிய ஷாக்கையும் ஜோடியாகவே வாங்குகிறார்கள்.

பணம் கட்டும் முன் இரண்டு கடிதம்

தொழில்நுட்பத்துக்குள் போகும் முன் சட்டத்தைப் பார்த்துவிடலாம். கடையில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக் கூடாது. "ஆர்.சி.யில காரோட உயரம் எங்க சார் போட்டிருக்கு?" என்று கேட்பார்கள். ஆனால் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், உற்பத்தியாளரின் மூல வடிவமைப்பு விவரங்களை மாற்றும்படி வாகனத்தைத் திருத்த முடியாது என்று தீர்ப்பளித்துள்ளது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டத்தின் பிரிவு 182ஏ, அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. வெளியிலிருந்து வாங்கிப் பொருத்தும் பாகங்களும் இதில் அடங்கும். பொறுப்பு உரிமையாளருடையது என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே முதல் கடிதம் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு. வாகன எண், பொருத்த நினைக்கும் ஸ்பிரிங், ஷாக்கின் பாக எண், எத்தனை மில்லிமீட்டர் இறங்கும் என்பதை எழுதி, அனுமதி உண்டா என்று கேளுங்கள். பரிவாகன் இணையதளத்தில் வாகன மாற்றத்துக்கான சேவையும் இருக்கிறது. பதில் எழுத்தில் வரட்டும். கவுன்டரில் யாரோ தலையாட்டியது பின்னால் உதவாது.

இரண்டாவது கடிதம் காப்பீட்டு நிறுவனத்துக்கு. மின்னஞ்சல் போதும். மாற்றத்தைச் சொல்லாமல் விட்டு விபத்து நடந்தால், இழப்பீட்டைக் குறைக்கவோ மறுக்கவோ அவர்களுக்கு வழி கிடைக்கும். அவர்கள் ஒப்புக்கொண்டால் பாலிசியில் அதைப் பதிவு செய்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆர்.டி.ஓ. முடியாது என்றால் அதோடு விட்டுவிடுங்கள். பலருடைய உண்மையான குறை காரின் உயரமே இல்லை. வளைவில் சாய்கிறது, குழியில் ஆடுகிறது என்பதுதான். எண்ணெய் கசியும் பழைய ஷாக்கைக் கழற்றிவிட்டு, அதே அளவில் கம்பெனி ஷாக்கைப் புதிதாகப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். அது பராமரிப்பு, அதற்கு யாரிடமும் அனுமதி வேண்டாம்.

எவ்வளவு இறக்கலாம்?

அனுமதி இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 2018-ல் வந்த ஸ்விஃப்டின் தரை இடைவெளி 163 மில்லிமீட்டர். 35 குறைத்தால் 128. இந்தியச் சாலைகள் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். அவ்வளவு அகலமான மேட்டில் முன்சக்கரமும் பின்சக்கரமும் சேர்ந்தே ஏறி நிற்பதால் தாழ்ந்த காரும் உரசாமல் போய்விடும். ஆனால் தெருவில் சிமென்டைக் கொட்டிப் போட்ட குறுகலான மேடு இருக்கிறதே, அதன் முழு உயரமும் காரின் அடிவயிற்றுக்கு நேராக வரும். உங்கள் வீட்டிலிருந்து அலுவலகம் வரை அப்படி எத்தனை இருக்கிறது என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். குடும்பத்தோடு போகிற காருக்கு 20, 25 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து.

ஸ்பிரிங்கை வெட்டியோ, சூடு காட்டி அமுக்கியோ இறக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். வெட்டிய முனை அதன் இருக்கையில் சரியாக உட்காராது. சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறும். சூடு பட்ட எஃகு தன் வலுவை இழக்கும்.

ஷாக் வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். திருகினால் மாறுவது எது: அமுங்கும் இறுக்கமா, திரும்ப எழும்பும் இறுக்கமா, இரண்டுமா? பெரும்பாலானவற்றில் எழும்பும் பக்கம் மட்டும்தான் மாறும். தாழ்ந்த ஸ்பிரிங்குக்கு முக்கியமாகத் தேவைப்படுவதும் அதுதான். காரில் மாட்டிய நிலையிலேயே திருக முடியுமா? சில வகையைக் கழற்றி முழுக்க அமுக்கித்தான் மாற்ற முடியும். ஒவ்வொரு முறையும் கூலி. இந்த ஷாக் எத்தனை மில்லிமீட்டர் இறக்கத்துக்குச் செய்யப்பட்டது? ஸ்பிரிங்கின் அளவோடு அது பொருந்த வேண்டும். ஜி.எஸ்.டி. பில், வாரண்டி அட்டை இரண்டும் இல்லாமல் வாங்காதீர்கள். போலிப் பொருள் என்று தெரிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். பில் இருந்தால்தான் அந்தப் புகாருக்கு வலு.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்

இதை வீட்டு வாசலில் நீங்களே செய்யலாம் என்று காட்டும் காணொளிகள் நிறைய இருக்கின்றன. வேண்டாம். முன்பக்கத்தில் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே கூடாக இருக்கும். ஸ்பிரிங்கை அதற்குரிய கருவியால் அமுக்கிப் பிடிக்காமல் உச்சி நட்டைக் கழற்றினால், உள்ளே அடங்கியிருக்கும் விசை அத்தனையும் எதிரே இருப்பவர் முகத்தில்தான் வெடிக்கும். பயிற்சியுள்ள மெக்கானிக்கிடம் விடுங்கள். ஆனால் சிலவற்றை நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்.

கார் ஜாக்கியில் மட்டும் நிற்கக் கூடாது, ஸ்டாண்ட் வேண்டும். பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். ஒயரும் ஷாக்கில் கட்டப்பட்டிருக்கும். அவற்றை விடுவித்த பிறகுதான் கூட்டை வெளியே இழுக்க வேண்டும். ஷாக்கின் பளபளப்பான தண்டைக் குறடால் பிடிக்கவே கூடாது. ஒரு கீறல் விழுந்தால் சீல் கிழிந்து எண்ணெய் கசியும். உச்சி நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கினாலும் தண்டு உள்ளே சுழன்று கெடும். பம்ப் ஸ்டாப்பை வெட்டச் சொல்லியிருந்தால், தயாரிப்பாளர் காகிதத்தில் சொன்ன அளவுக்கு மட்டும். ஸ்பிரிங்கின் முனை அதன் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

நிறையப் பேர் கோட்டைவிடுகிற இடம் ஒன்று: ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது இறுக்கிவிடுவார்கள். கார் தரையில் இறங்கியதும் அந்த ரப்பர் முறுகிய நிலையிலேயே நிற்கும். சில மாதத்தில் கிழிந்துவிடும். கார் தன் எடையில் நிற்கும்போதுதான் அவற்றைக் கடைசியாக, டார்க் ரெஞ்ச் வைத்து, கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும்.

அன்றைக்கே வீல் அலைன்மென்ட். உயரம் மாறினால் சக்கரத்தின் கோணமும் மாறும். பார்க்காமல் விட்டால் டயரின் உள்விளிம்பு தேய்ந்து கம்பி தெரியும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. ஹெட்லைட் வெளிச்சம் விழும் உயரத்தையும் சரிசெய்யுங்கள். 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா போல்ட்டையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

திருகி முழுக்க இறுக்கிவிடாதீர்கள்

புது ஷாக் கிடைத்ததும் கை அரிக்கும். இறுக்கம் ஜாஸ்தியானால் பிடி ஜாஸ்தி என்று நினைத்து கடைசி வரை திருகிவிடுவோம். நடப்பது நேர்மாறு. எழும்பும் இறுக்கம் அளவு மீறினால், ஒரு குழியில் அமுங்கிய ஸ்பிரிங் பழைய நிலைக்கு வருவதற்குள் அடுத்த குழி வந்துவிடும். வரிசையாக நாலு குழி வந்தால் கார் படிப்படியாகக் கீழேயே போய் பம்ப் ஸ்டாப்பில் முட்டும். மழைக்குப் பிறகு நம் சாலைகளில் இது நடக்க இரண்டு நிமிடம் போதும்.

மிக மென்மையான நிலையில் தொடங்குங்கள். தினமும் போகிற ஒரே சாலையில், ஒரே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். துள்ளல் அடங்கவில்லையா, ஒரு படி கூட்டுங்கள். இடதும் வலதும் எப்போதும் ஒரே அளவு. பின்பக்கத்தை முன்பக்கத்தைவிட அதிகமாக இறுக்கினால் வளைவில் பின்பக்கம் வழுக்கப் பார்க்கும். புதிதாக ஓட்டுபவருக்கு அது ஆபத்து. எத்தனை படி வைத்தீர்கள் என்பதை போனில் குறித்து வையுங்கள். முழு இறுக்கத்தில் ஓட்டிப் பார்க்கும் ஆசை இருந்தால் அதற்கு இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிப்பாளையத்திலும் பந்தயத் தடங்கள் இருக்கின்றன.

கழற்றிய பழைய ஸ்பிரிங், ஷாக் எல்லாவற்றையும் வீட்டுக்கு எடுத்து வந்து பத்திரமாக வையுங்கள். காரை விற்கும்போதோ, ஆய்வாளர் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொன்னாலோ தேவைப்படும். சித்தப்பா மகன் அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். திரும்பிப் போய்க் கேட்டபோது பழைய இரும்புக்குப் போட்டாச்சு என்றார்கள். நாலு ஸ்பிரிங்கும் புதிதாக வாங்கித்தான் காரை மறுபடி ஏற்றினான்.