விடியற்காலையில் எழுப்பும் பூனை

கேள்வி: பகலெல்லாம் தூங்கும் எங்கள் பூனை, விடியற்காலை 4 மணிக்குக் கத்தி எழுப்புகிறது. இரண்டாம் ஷிப்ட் முடித்துப் படுக்கும் எனக்குத் தூக்கமே போச்சு. என்ன செய்யலாம்?
– வாசகர், மணலி

பதில்: நாளுக்கு 12 முதல் 16 மணி நேரம் தூங்குவது பூனைக்கு இயல்பு. அந்தியும் விடியலும் அதற்கு வேட்டை நேரம். நீங்கள் படுக்கும்முன் பத்து நிமிடம் கயிற்று நுனியை இழுத்துத் துரத்த விடுங்கள். பதுங்கி, பின்பக்கத்தை ஆட்டி, பாய்ந்து பிடிக்கட்டும். களைத்ததும் சாப்பாடு வையுங்கள். வயிறு நிறைந்தால் உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொண்டு தானே சுருண்டுவிடும். கத்தியதும் எழுந்து தீனி போடாதீர்கள், அதையே பழகிக்கொள்ளும். லாரி இரைச்சல் எட்டாத உள்ளறையில், அது படுக்கப் பழைய புடவை விரித்த அட்டைப்பெட்டி போதும். ஆனால் திடீரென்று தூக்கம் கூடி, சாப்பிடாமல் மூலையில் ஒளிந்தால் காத்திருக்க வேண்டாம்; வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அன்றைக்கே தூக்கிப் போங்கள்.