கீழ்வீட்டுக்காரர் வேறு கட்சி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. நான் பல வருஷம் குடியிருந்த பெங்களூரு வைட்ஃபீல்ட் ஃப்ளாட்டில் இப்போது நீ இருக்கிறாய் என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. ஆனால் உன் கடிதம் கொஞ்சம் கவலையைத் தந்தது. மாநகராட்சித் தேர்தல் பேச்சு எழுந்ததுமே, தேர்தல் முடியும்வரை வளாகத்திலும் வாட்ஸ்அப் குரூப்பிலும் யாரும் அரசியல் பேசக்கூடாது என்று குடியிருப்போர் சங்கம் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதே வாரம் கீழ்வீட்டு அங்கிள், நீ ஆதரிக்கும் கட்சியைத் திட்டி லிஃப்டுக்குள்ளேயே உன்னிடம் சண்டைக்கு வந்திருக்கிறார். “வாயை மூடிக்கொண்டு இருந்துவிடட்டுமா அத்தை?” என்று கேட்டிருக்கிறாய்.

வேண்டாம். பேசு. எதைப் பேசுவது, எங்கே நிறுத்துவது என்பதற்கு மட்டும் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

நம் ஊர் சலூன்களிலும் டீக்கடைகளிலும் “இங்கு அரசியல் பேசக்கூடாது” என்று எழுதி மாட்டியிருப்பதை நீ சின்ன வயதிலிருந்தே பார்த்திருப்பாய். பத்திரிகையை ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்டு வாதாடிய இடங்கள்தான் அவை. தமிழ்நாட்டு அரசியல் பாதி அங்கேதான் வளர்ந்தது. கைகலப்பில் கண்ணாடி உடைந்தால் நஷ்டம் கடைக்காரருக்கு என்பதால் போர்டு வந்தது. அது அவர் கடை, அவர் பிழைப்பு. அதில் நியாயம் உண்டு. குடியிருப்போர் சங்கம் அப்படி இல்லை. குப்பை, மழைநீர் வடிகால், தெருவிளக்கு, வாசலுக்கு வெளியே இருக்கும் ரோடு என்று மாதாந்தரக் கூட்டத்தில் அது பேசுவதில் பலவும் மாநகராட்சியின் வேலைகள். அந்த வேலைகளை யார் செய்யப் போகிறார் என்று முடிவு செய்யும் தேர்தலின்போது மட்டும் பேசாதே என்றால், வேறு எப்போதுதான் பேசுவது?

பெங்களூரு மாநகராட்சிக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2015 ஆகஸ்டில். அந்தக் கவுன்சிலர்களின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் அதிகாரிகள் ஆட்சிதான். 2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்தார்கள். வைட்ஃபீல்ட் கிழக்கு மாநகராட்சிக்குள் வந்தது. இத்தனை காலம் கவுன்சிலரே இல்லாத ஊரில், பக்கத்து வீட்டுக்காரரோடு உட்கார்ந்து ‘நமக்கு என்ன வேண்டும்’ என்று பேசுவது வெட்டிப்பேச்சு ஆகாது.

2024 கோடையை நினைத்துக்கொள். மார்ச்சில் போர்வெல்கள் வற்றி, வைட்ஃபீல்ட் அபார்ட்மென்ட்களில் டேங்கர் லாரிக்குக் காத்துக்கிடந்தோம். குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அடுத்த மாதம், ஏப்ரல் 26 அன்று நாடாளுமன்றத் தேர்தல். ஏரிகளை மூடிக் கட்டடம் கட்ட அனுமதித்தது யார், காவிரி ஐந்தாம் கட்டக் குழாய் ஏன் இன்னும் வரவில்லை என்று ஓட்டுக் கேட்டு வந்தவர்களை மடக்கிக் கேட்டிருக்கலாம். எங்கள் குரூப்பில் அந்த நாட்களில் ஓடியதெல்லாம் டெல்லித் தலைவர்களைப் பற்றிய வீடியோக்கள், அவற்றுக்குப் பதில் வீடியோக்கள், பிறகு வசவு, கடைசியில் தடை. எங்கள் மத்திய பெங்களூரு தொகுதியில் வாக்குப்பதிவு சுமார் 54 சதவீதத்தில் நின்றது. அந்தத் தடை எங்களுக்கு அமைதியைத் தரவில்லை. கேட்க வேண்டிய கேள்வி அப்படியே கிடந்தது, அவ்வளவுதான்.

சங்கச் செயலாளருக்கு ஒரு பயம் இருக்கும்: குரூப்பில் யாரோ ஒருவர் எதையாவது போட, அட்மின் மேல் வழக்கு வந்துவிட்டால்? அந்தப் பயத்தைப் போக்க உன்னிடம் தகவல் இருக்கட்டும். கரூர் வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குரூப் ஒன்றைப் பற்றிய வழக்கில், வெறுமனே அட்மினாக இருந்ததற்காக ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொன்னது. அடுத்த ஆண்டு கேரள உயர் நீதிமன்றமும் அதே வழியில் தீர்ப்பளித்தது.

உனக்கு இருக்கும் உரிமை அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பிரிவில் இருக்கிறது. அதற்கான வரம்புகள் 19(2)-இல் இருக்கின்றன: பொது அமைதி, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் என்று சில. அங்கிளுக்கு எரிச்சல் வந்தது என்பது அந்தப் பட்டியலில் இல்லை. 2012-இல் ஒரு அரசியல் தலைவரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகப் புதுச்சேரியில் ஒரு தொழிலதிபரைக் கைது செய்தார்கள். அடுத்த மாதமே மகாராஷ்டிரத்தின் பால்கரில் ஃபேஸ்புக் பதிவுக்காக இரண்டு இளம்பெண்கள் கைதானார்கள். அதற்கெல்லாம் கைகொடுத்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை எதிர்த்து நீதிமன்றம் போனவர் ஷ்ரேயா சிங்கால், அப்போது அவருக்கும் சின்ன வயதுதான். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது. ஒரு விஷயத்தை விவாதிப்பதற்கும், அதற்காக வாதாடுவதற்கும், வன்முறைக்குத் தூண்டிவிடுவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பிரித்துக் காட்டிய தீர்ப்பு அது. முதல் இரண்டும், கேட்பவருக்கு எவ்வளவு கசந்தாலும், உன் உரிமை. மூன்றாவதில்தான் சட்டம் கையை வைக்க முடியும். தேர்தலுக்காக மதம், சாதி, மொழியின் பேரால் பகையை மூட்டினால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125-ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

இனி நான் முக்கியமாக நினைப்பது. தேர்தல் நடத்தை விதிகள் என்று கேள்விப்பட்டிருப்பாய். 1960 கேரள சட்டமன்றத் தேர்தலின்போது கட்சிகள் ஒத்துக்கொண்ட ஒரு சிறு பட்டியலாகத் தொடங்கியது அது. மந்திரிகள் அரசுக் காரில் போகக்கூடாது என்பது போன்ற விதிகளைத்தான் பத்திரிகைகள் எழுதும். அதன் முதல் பகுதியிலேயே, யாரும் அதிகம் கவனிக்காத ஒரு விதி இருக்கிறது. ஒருவரின் அரசியல் கருத்து உனக்கு எவ்வளவு வெறுப்பைத் தந்தாலும், அவர் தன் வீட்டில் நிம்மதியாக இருக்கும் உரிமையை நீ மதிக்க வேண்டும். அவர் கருத்தை எதிர்த்து அவர் வீட்டு வாசலில் போய் ஆர்ப்பாட்டம் செய்யக்கூடாது, எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. பக்கத்திலேயே இன்னொன்று: எதிர்க்கட்சியைக் கொள்கைக்காக, திட்டத்துக்காக, செய்த வேலைக்காக விமர்சிக்கலாம், பொது வாழ்வோடு சம்பந்தமில்லாத சொந்த வாழ்க்கையை இழுக்கக்கூடாது. இவை கட்சிகளுக்கும் வேட்பாளர்களுக்கும் எழுதியவை. நீ இவற்றை ஒரு அபார்ட்மென்ட்டுக்கு எழுதியதாகவே எடுத்துக்கொள். அங்கிளின் கட்சி ஏரிக்கு என்ன செய்தது என்று அவரிடமே கேள். அவர் மகனுக்கு எப்படி வேலை கிடைத்தது என்று கேட்காதே. குழந்தைகள் பூங்காவில், குழாயடியில், அவர் வீட்டுக் காலிங்பெல்லில் உன் கட்சி இருக்கக் கூடாது. லிஃப்டிலும்தான், நாலு சுவருக்குள் தப்பிக்க வழியில்லாத ஒருவரிடம் வாதாடுவது வாதம் ஆகாது. அவர் உன்னிடம் செய்த தவறும் அதுதான். நிதானமாக அவரிடமே சொல்: “அங்கிள், கீழே பெஞ்சில் உட்கார்ந்து பேசலாம், வாங்க.”

அந்த அங்கிளை எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். 2016 செப்டம்பர் 12. காவிரித் தண்ணீர் விவகாரத்தில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்களும் லாரிகளும் எரிந்த நாள். 1991 டிசம்பரில் தமிழர்கள் தாக்கப்பட்டதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அன்று நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டிருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் கார் டிஎன் 45. ரோட்டைப் பார்த்த பார்க்கிங்கில் நின்றது. சாயங்காலம் அவர் வந்து சாவியைக் கேட்டார். காரை இரண்டாம் பேஸ்மென்ட்டுக்குக் கொண்டுபோய், தூணுக்குப் பின்னால் பின்பக்கமாகத் தள்ளி நிறுத்தி, தன் காரின் சாம்பல் நிற உறையை எடுத்து நம்பர் பிளேட் மறையும்படி இழுத்துக் கட்டினார். உறை சின்னது; முன்பக்கம் போதவில்லை. வீட்டிலிருந்து ஒரு போர்வையைக் கொண்டுவந்து அதையும் செருகினார். காவிரி விஷயத்தில் அதற்கு முந்தைய வாரம்தான் எங்களுக்குள் கடுமையான வாக்குவாதம். அன்றைக்கும் அவர் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, நானும் மாற்றிக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் மறுபடி வாதாடினோம். அப்படிப்பட்டவரை ‘அந்தக் கட்சிக்காரர்’ என்ற ஒரே சொல்லில் நீ அடக்கிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

உன் கட்சிக்காரர்கள் இப்போது சூடாகப் பேசுவது வாக்காளர் பட்டியலைப் பற்றி என்று எழுதியிருக்கிறாய். அது நம் மகாதேவபுரா சட்டமன்றத் தொகுதியின் பேரை நாடு முழுக்கக் கொண்டுபோன விவகாரம். 2024-இல் அது அடங்கிய மத்திய பெங்களூரு தொகுதியில் பாஜகவின் பி.சி.மோகன் 32,707 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். மகாதேவபுராவில் மட்டும் அவருக்கு 1,14,046 ஓட்டு முன்னிலை. 2025 ஆகஸ்ட் 7 அன்று டெல்லியில் ராகுல் காந்தி, மகாதேவபுரா பட்டியலில் 1,00,250 ஓட்டுகள் போலி என்று குற்றம்சாட்டினார். தேர்தல் ஆணையம் அதை மறுத்து, உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட்டுப் புகார் தரச் சொன்னது. இந்த இரண்டில் நீ எதை வேண்டுமானாலும் நம்பலாம், உரக்கச் சொல்லவும் செய்யலாம். மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் பீகார் பையன்களின் ஓட்டு போலி என்று சொல்லத் தொடங்கும்போது அது வேறு விஷயமாகிவிடும். வைட்ஃபீல்டில் பலர் வாடகைக்காரர்கள், வருஷத்துக்கு ஒரு வீடு மாறுகிறவர்கள். பழைய முகவரியில் பேர் ஒட்டிக்கொண்டிருப்பது சகஜம். உண்மையாகவே சந்தேகம் இருந்தால் அதற்குப் படிவம் 7 இருக்கிறது. பேர் போட்டு, கையெழுத்திட்டு, வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுக்கலாம். பொய்யாக எழுதினால் ஓராண்டு வரை சிறை. கையெழுத்துப் போடத் தயங்கும் சந்தேகத்தை குரூப்பில் போடவும் தயங்க வேண்டும்.

அடுத்து, பால்கனியில் நீ ஒட்டியதாக எழுதியிருக்கும் தேர்தல் தாளைப் பற்றி. அமெரிக்காவில் மிசூரி மாநிலத்து லாடூ என்ற சிற்றூரில் மார்கரெட் கில்லியோ என்ற பெண்மணி 1990 டிசம்பரில் வளைகுடாப் போருக்கு எதிராக வீட்டு முற்றத்தில் ஒரு பலகை நட்டார். அது காணாமல் போனது. இன்னொன்று வைத்தார், தள்ளிவிட்டிருந்தார்கள். போலீஸில் சொன்னால், பலகை வைப்பதே ஊர் விதிப்படி தவறு என்றார்கள். வழக்குப் போட்டுவிட்டு, மாடி ஜன்னலில் சாதாரணத் தாள் அளவில் ஒரு வாசகத்தை வைத்தார். 1994-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் அவர் பக்கம் நின்றார்கள்: சொந்த வீட்டிலிருந்து பேசுவது, காசில்லாதவருக்கும் எட்டும் தனி மதிப்புள்ள பேச்சு என்று. அந்தத் தீர்ப்பு ஊர் நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தியதே தவிர, குடியிருப்புச் சங்கங்களை அல்ல. இங்கே அது செல்லவும் செல்லாது. ஆனால் அதன் நியாயம் எனக்குப் பிடிக்கும். உன் ஜன்னலும் பால்கனியும் உன்னுடையவை. லிஃப்டும் வராந்தாச் சுவரும் அத்தனை பேருக்கும் பொது; அங்கே ஒட்ட எந்தக் கட்சிக்கும் இடம் கேட்காதே. அனுமதியில்லாமல் பிறர் சுவரில் ஒட்டக்கூடாது என்பது நடத்தை விதியிலேயே இருக்கிறது.

சத்தமாகப் பேசுகிறவர்களை மட்டும் பார்த்து, வளாகமே இரண்டாகப் பிளந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. சமையலுக்கு வரும் அக்கா, கேட்டில் நிற்கும் காவலாளி, ஓனர் என்ன நினைப்பாரோ என்று வாய் திறக்காத வாடகைக்காரர், கன்னடம் சரியாக வராததால் ஒதுங்கி நிற்கும் நம்மவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். “யாருக்கு ஓட்டு?” என்று வேலைக்கு வருபவரிடம் யாராவது கேட்டால் நீ குறுக்கிடு. ஓட்டு யாருக்கு என்று சொல்லும்படி யாரையும், சாட்சிக் கூண்டில் நிற்பவரைக்கூட, கட்டாயப்படுத்த முடியாது என்று சட்டமே சொல்கிறது.

அதனால் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுது. தடையை நீக்கச் சொல். குரூப்பில் தண்ணீர்க்கட், லிஃப்ட் ரிப்பேர் அறிவிப்புகள் மூழ்காமல் இருக்க, தேர்தல் பேச்சுக்குத் தனி குரூப் தொடங்கட்டும், விருப்பமுள்ளவர் சேரட்டும். கிளப் ஹவுஸை ஒரு வேட்பாளருக்குக் கொடுத்தால் எல்லா வேட்பாளருக்கும் அதே நேர அளவில் கொடுக்கட்டும், சுயேச்சை உட்பட. கேள்விகளை முன்கூட்டியே எழுதி வாங்கட்டும்: வர்த்தூர் ஏரி, குப்பை, கடுகோடி மெட்ரோவுக்கு நடந்துபோக நடைபாதை. சொந்த வாழ்க்கையையோ சாதி, மத, மொழியையோ இழுத்தால், யார் கட்சியானாலும் மைக்கை வாங்கிவிடலாம். கீழே கையெழுத்துப் போட முதலில் அங்கிளிடம் கொண்டுபோ. அவர் போடாவிட்டாலும் பரவாயில்லை, படித்துவிட்டு ஏதாவது திருத்தம் சொல்வார். நியாயமாக இருந்தால் சேர்த்துக்கொள்.

கடிதம் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும், கன்னடம் மேலே. முகவரி மாறியதற்குப் படிவம் 8 கொடுத்துவிட்டாயா? இல்லையென்றால் இந்த வாரமே கொடு.

அன்புடன்,
அத்தை