லூப் மேல் பழி போடாதீர்கள்

"ஆர்ல லூப் போடக் கூடாதாமே சார்?" ஆர் நிரல்மொழி படிக்க வரும் ஆய்வு மாணவர்களில் பலர், முதல் வகுப்பிலேயே இதைக் கேட்கிறார்கள். யாரோ சீனியர் சொல்லி அனுப்பியிருப்பார். பல ஆண்டுகளாக இப்படிப்பட்ட மாணவர்களின் நிரல்களைப் படித்துத் திருத்தித் தருகிறேன். லூப்பால்தான் மணிக்கணக்காகிறது என்று அவர்கள் கொண்டுவருபவற்றைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் காரணம் வேறு: லூப்புக்குள் வெக்டரை வளர்த்துக்கொண்டே போவது.

காலி வெக்டர் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் 'சி' ஃபங்ஷனால் அதன் வாலில் புது விடையை ஒட்டுகிறார்கள். ஆர் பழைய வெக்டரை அப்படியே நீட்டுவதில்லை. நினைவகத்தில் புது இடம் பிடித்து, இருப்பதையெல்லாம் அங்கே நகலெடுத்து, கடைசியில்தான் புது எண்ணை வைக்கிறது. ஒரு பாத்திரம் வாங்கும்போதெல்லாம் வீடு மாறுவதைப் போன்ற வேலை. 10,000 சுற்று ஓடினால் நகலாகும் எண்கள் சுமார் 5 கோடி. 1 லட்சம் சுற்றுக்கு 500 கோடி. சுற்று பத்து மடங்கானால் நகலெடுப்பு நூறு மடங்காகிறது. 'ஆர்பைண்ட்' கொண்டு டேட்டா ஃபிரேமில் வரிவரியாக ஒட்டுபவர்களின் பாடு இன்னும் மோசம்.

இதற்குத் தீர்வு எளிது. எத்தனை விடை வரும் என்பது முன்பே தெரியும் அல்லவா? அத்தனை நீளத்துக்கு 'நியூமெரிக்' ஃபங்ஷனால் ஒரு வெக்டரை உருவாக்கிவிட்டு, லூப்புக்குள் உரிய இடத்தில் நிரப்புங்கள். விடை டேட்டா ஃபிரேமாக வருமானால் ஒவ்வொன்றையும் ஒரு லிஸ்ட்டில் போட்டுவைத்து, எல்லாம் முடிந்தபின் ஒரே தடவை 'ஆர்பைண்ட்' செய்யுங்கள்.

லூப் மெதுவானது என்ற பேச்சு ஒரு காலத்தில் நியாயமாகவே எழுந்தது. ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ஆர், நிரலை ஓடும்போதே பொருள்கொண்டு இயக்கும் மொழி; சுற்றுக்குச் சுற்று அந்தச் செலவு உண்டு. ஆனால் அந்தச் செலவைக் குறைக்க லூக் டியர்னி எழுதிய பைட் கம்பைலர் 2011இல் ஆருடன் சேர்ந்து வந்தது. 2017இல் வெளியான 3.4.0 பதிப்பு முதல், நாம் கேட்காமலே அது வேலை செய்கிறது. அந்தப் பழைய எச்சரிக்கையை இன்னும் அதே வேகத்தில் சொல்லிக்கொண்டிருப்பது மாணவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன். லூப்புக்குப் பதில் 'அப்ளை' போட்டால் வேகம் கூடும் என்பவர்கள், அடைப்புக்குறி இல்லாமல் 'அப்ளை' என்று மட்டும் தட்டிப் பாருங்கள். திரையில் விரியும் அதன் நிரலுக்குள்ளும் ஃபார் லூப் இருக்கிறது!

அப்படியானால் லூப் எப்போது வேண்டாம்? நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்விதான்: இந்தச் சுற்றுக்கு முந்தைய சுற்றின் விடை தேவையா? தேவை என்றால் தயங்காமல் லூப் போடுங்கள். ரேண்டம் வாக் சிமுலேஷனில் வரம்பைத் தொட்டால் திரும்ப வேண்டும் என்று நிபந்தனை இருந்தால், நேற்று எங்கே நின்றோம் என்று தெரியாமல் இன்று நகர முடியாது. தேவையில்லை என்றால், முழு வெக்டருக்கும் ஒரே கணக்காகப் போட முடிகிறதா என்று பாருங்கள்.

ஆருடனேயே வரும் 'ஏர்குவாலிட்டி' தரவை எடுத்துக்கொள்வோம். 1973 மே முதல் செப்டம்பர் வரை நியூயார்க்கில் அளந்தது, 153 நாட்கள். ஓசோன் 80ஐத் தாண்டிய நாட்கள் எத்தனை? லூப்பும் இஃப்பும் வைத்து எழுதினால் ஐந்தாவது வரியிலேயே பிழை காட்டி நின்றுவிடும். அன்றைய ஓசோன் அளவு பதிவாகவில்லை. இல்லாத மதிப்பை 80உடன் ஒப்பிட்டால் உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை, இஃப் தொடர முடியாது. இப்படி 37 நாட்கள் விடுபட்டிருக்கின்றன. முழுப் பத்தியையும் ஒரே தடவையில் ஒப்பிட்டு, விடுபட்டவற்றை ஒதுக்கிக் கூட்டினால் ஒரு வரியில் முடிந்துவிடும். விடுபட்டவை இருக்கின்றன என்பதையும் அங்கேயே எண்ணிப் பார்த்துவிடலாம்.

லூப் பாதியில் நின்றால் பதற வேண்டாம். அதை நேரடியாக கன்சோலில் ஓட்டியிருந்தால், சுற்றை எண்ண வைத்த 'ஐ' என்ற பெயரைத் தட்டுங்கள். எந்தச் சுற்றில் நின்றதோ அந்த எண் அப்படியே இருக்கும். அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துப் பார்த்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

ஒன்று முதல் நீளம் வரை என்று லூப் எழுதும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வெக்டர் காலியாக இருந்தால் ஆர் அதை 1, 0 என்று எடுத்துக்கொண்டு இரண்டு சுற்று ஓடிவிடும். அதற்குப் பதில் 'சீக் அலாங்' ஃபங்ஷனைப் போட்டால் ஒரு சுற்றும் ஓடாது. தேதிகளுக்கும் இதுவே நல்லது. தேதி வெக்டரை நேராக ஃபாரில் கொடுத்தால், 2024 ஜனவரி 1 என்பது 19723 என்ற வெறும் எண்ணாக உள்ளே வரும். 1970 ஜனவரி 1 முதல் கழிந்த நாட்களின் எண்ணிக்கை அது. 'சீக் அலாங்'மேல் லூப்பை ஓட்டி, உள்ளே 'ஐ'ஆவது தேதி என்று எடுத்தால் தேதி தேதியாகவே இருக்கும்.