மூத்த ஆட்டக்காரரும் நான்கு வாய்ப்புகளும்

நலிந்துவரும் ஒரு கூடைப்பந்துக் குழு, தன்னிடம் உள்ள புகழ்பெற்ற ஆட்டக்காரர்களையே வேறொரு குழுவுக்குக் கொடுத்துவிடுகிறது. கேட்பதற்கு விந்தையாக இருக்கிறதல்லவா? இதன் பின்னே நீங்கள் வகுப்பில் படிக்கும் நிகழ்தகவுக் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் 2013-ஆம் ஆண்டு நடந்த ஒரு பரிமாற்றத்தைக் கொண்டு அதை அறிந்துகொள்வோம்.

என்ன நடந்தது?

என்.பி.ஏ. என்பது அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டி அமைப்பு. அதில் பாஸ்டன் செல்டிக்ஸ் குழு 2008-இல் வாகை சூடியது. ஐந்தாண்டுகளில் அதன் வலிமை குன்றியது. 2012-13 பருவத்தில் 41 ஆட்டங்களில் வென்று 40 ஆட்டங்களில் தோற்றது. அடுத்த கட்டத்தில் முதல் சுற்றோடு வெளியேறியது.

2013 ஜூலையில் பாஸ்டன், 37 வயதான கெவின் கார்னெட்டையும், 35 வயதான பால் பியர்ஸ், ஜேசன் டெரி ஆகியோரையும் புரூக்ளின் நெட்ஸ் குழுவுக்குக் கொடுத்தது. பியர்ஸ் 15 பருவங்கள் பாஸ்டனுக்கே ஆடியவர். கார்னெட்டை அவருடைய ஒப்பந்தப்படி அவர் சம்மதமின்றி மாற்ற இயலாது, அவர் சம்மதித்தார்.

ஈடாகப் பாஸ்டன் சில ஆட்டக்காரர்களையும், அவர்களைவிட முக்கியமாகப் புரூக்ளினின் வருங்கால உரிமைகளையும் பெற்றது. அவை எவை?

புதுமுகத் தேர்வு

ஆண்டுதோறும் இளம் ஆட்டக்காரர்களைக் குழுக்கள் வரிசை முறையில் தேர்ந்தெடுக்கின்றன. இதை ‘டிராஃப்ட்’ என்பர். மிகுதியாகத் தோற்ற குழுக்களுக்கு முன்வரிசை கிடைக்கும். இந்தத் தேர்வுரிமையைப் பிற குழுவுக்குக் கொடுக்கலாம். ஆனால் அடுத்தடுத்த இரு ஆண்டுகளுக்கு முதல் சுற்று உரிமையே இல்லாமல் ஒரு குழு நிற்கக்கூடாது என்பது விதி. ஆகவேதான் பாஸ்டன் 2014, 2016, 2018 என ஓராண்டு விட்டு ஓராண்டு உரிமை பெற்றது. இடையே 2017-இல், விரும்பினால் இரு குழுக்களின் வரிசையையும் மாற்றிக்கொள்ளும் உரிமையும் பெற்றது.

அரிசியும் விதைநெல்லும்

நாளை விருந்து வைக்கும் வீட்டிற்கு அரிசி வேண்டும். நாற்று விடப்போகும் உழவருக்கு விதைநெல் வேண்டும். இருவரும் மாற்றிக்கொண்டால் இருவருக்கும் பயன். புரூக்ளின் உடனே வெல்ல விரும்பியது. பாஸ்டனோ புதிய குழுவை வளர்க்க எண்ணியது. அது வளர்ந்து நிற்பதற்குள் கார்னெட்டும் பியர்சும் ஓய்வு பெற்றுவிடுவர். உண்மையிலேயே கார்னெட் 2016-இலும் பியர்ஸ் 2017-இலும் ஓய்வு பெற்றனர்.

ஏன் நான்கு?

ஓர் இளைஞர் சிறந்த ஆட்டக்காரராக வளர்வார் என்று உறுதி கூற முடியாது. ஓர் உரிமை வெற்றி தருவதற்கான நிகழ்தகவு 1/4 என எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தோல்வியின் நிகழ்தகவு 3/4. நான்கு உரிமைகளும் தோல்வியடைய நிகழ்தகவு:

3/4 × 3/4 × 3/4 × 3/4 = 81/256

ஆகவே ஒன்றாவது வெற்றி தர நிகழ்தகவு 1 − 81/256 = 175/256, அதாவது ஏறத்தாழ 0.68. தனித்தனியே நலிந்த வாய்ப்புகள் ஒன்று சேரும்போது வலிமை பெறுவதைக் காண்கிறீர்கள். (நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று சாராதிருந்தால்தான் இப்பெருக்கல் பொருந்தும். இங்கே எல்லா உரிமைகளும் புரூக்ளின் என்னும் ஒரே குழுவைச் சார்ந்தவை. எனவே இது தோராயமான கணக்கே.)

விளைந்தது என்ன?

புரூக்ளின் முதல் பருவத்தில் 44 ஆட்டங்களில் வென்றது. இரண்டாம் சுற்றில் வீழ்ந்தது. பின்னர் 2015-16-இல் 21, 2016-17-இல் 20 என வெற்றிகள் சரிந்தன. அதற்கேற்பப் பாஸ்டனின் உரிமைகளுக்கு மதிப்பு ஏறியது.

2014-இல் 17-ஆம் இடத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜேம்ஸ் யங் பாஸ்டனில் மூன்று பருவங்களே ஆடினார். 2016-இல் 3-ஆம் இடத்தில் ஜேலன் பிரவுன் கிடைத்தார். 2017-இல் முதலிடத்தையே பெற்ற பாஸ்டன், அதை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்து, 3-ஆம் இடத்தையும் வேறொரு வருங்கால உரிமையையும் வாங்கி, ஜேசன் டேட்டத்தைத் தேர்ந்தெடுத்தது. தேர்வின்போது பிரவுன், டேட்டம் இருவருக்கும் வயது 19. 2018 உரிமையைக் கைரி இர்விங்குக்கு ஈடாகக் கொடுத்தது. அவர் 2019-இல் வேறு குழுவுக்குச் சென்றுவிட்டார்.

நான்கு உரிமைகளில் இரண்டே நிலைத்த பயன் தந்தன. ஆனால் அந்த இரண்டே போதுமாயின. 2024-இல் பாஸ்டன் மீண்டும் வாகை சூடியது. இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரராகப் பிரவுன் தேர்வு பெற்றார். பரிமாற்றத்திற்கும் வெற்றிக்கும் இடையே 11 ஆண்டுகள்!

நினைவில் கொள்க

முடிவு நன்றாக அமைந்ததால் மட்டும் ஒரு தீர்மானம் சிறந்ததாகிவிடாது. புரூக்ளின் இவ்வளவு சரியும் என்று 2013-இல் யாரும் உறுதியாகக் கூறியிருக்க முடியாது. ஒரே வாய்ப்பை நம்பாமல் பல வாய்ப்புகளைச் சேர்த்துக்கொண்டதும், பல ஆண்டுகள் பொறுத்திருந்ததுமே பாஸ்டனின் அறிவுடைமை. எஞ்சியது நல்வாய்ப்பு.

கணக்கிட்டுப் பாருங்கள்

ஓர் உரிமை வெற்றி தரும் நிகழ்தகவு 1/5. மூன்று உரிமைகள் இருந்தால் ஒன்றாவது வெற்றி தரும் நிகழ்தகவு என்ன? (விடை: 61/125)