முதலாம் வருட இரசாயனவியல்: கம்பஸ் போகுமுன்

பாலமுனையிலிருந்து தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சம்மாந்துறை பிரயோக விஞ்ஞான பீடத்துக்குப் போகவிருக்கும் தம்பி, தங்கைகளே! உயர்தரப் பரீட்சைக்குப் பிந்திய காத்திருப்பை வீணாக்காதீர்கள்.

• சொற்கொப்பி: அங்கே விரிவுரை ஆங்கிலத்தில். நியமிப்பு 'டைட்ரேஷன்', அளவி 'பியூரெட்', குழாயி 'பிப்பெட்' என்று தினமும் ஐந்து சொல் எழுதுங்கள்.

• மூல் கணக்கு: கறியுப்பு ஒரு மூல் சுமார் 58.5 கிராம். 5.85 கிராமைக் கரைத்து ஒரு லீற்றராக்கினால் செறிவு என்ன? (விடை: லீற்றருக்கு 0.1 மூல்)

• மடக்கை: உயிரியல் பிரிவில் படித்தவர்கள் இதைத் தூசு தட்டுங்கள். ஐதரசன் அயன் செறிவு பத்து மடங்கு கூடினால் பீஎச் ஒன்று குறையும்.

• ஆய்வுகூடம்: ஐதாக்கும்போது நீரில் அமிலத்தை மெதுவாகச் சேருங்கள், அமிலத்தில் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.