சேம அச்சு: இழுவண்டிப் பயணத்துக்கு ஒரு பாடம்

விடுமுறை நெருங்கினால் நம் மன்றத்தில் பயணப் பேச்சும் பிறந்துவிடும். இவ்வாண்டு அப்பேச்சு புதியதோர் உருவம் கொண்டிருக்கிறது. காருக்குப் பின்னால் வீட்டுவண்டி ஒன்றைப் பூட்டிக்கொண்டு, கோவையிலிருந்து பாலக்காட்டு வழியே மேலைக் கடற்கரை வரை சென்று வரலாம் என்கின்றனர் நண்பர் சிலர். தங்க விடுதி தேட வேண்டா; விரும்பிய இடத்தில் நிறுத்தலாம்; சமைக்கலாம்; உறங்கலாம். ஆசை நல்லதே. ஆனால் அவர்கள் எழுதிவைத்த பொருட்பட்டியலை நான் பார்த்தேன். மெத்தை இருந்தது, அடுப்பு இருந்தது, மின்விசிறியும் கைபேசிக்கு மின்னேற்றியும் இருந்தன. மாற்றுச் சக்கரம் இல்லை. டயரின் காற்றை அளக்கும் கருவி இல்லை. சக்கரத்துக்கு வைக்க முட்டுக்கட்டையும் இல்லை. ஆறு பேர் உயிர் இப்பட்டியலை நம்பிச் சாலைக்கு வரப்போகிறது. இக்கட்டுரை எழுந்ததற்கு அதுவே காரணம்.

என் ஊர் நல்லேப்பிள்ளி. பாலக்காட்டு மாவட்டத்தில் சித்தூர் வட்டத்தைச் சேர்ந்தது. தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும் எல்லைப்புறம். அங்கே மாட்டுவண்டியையும் டிராக்டர் டிரெய்லரையும் பார்த்து வளர்ந்தவன் நான். இங்கே இயந்திரவியல் பயில்கிறேன். ஊரில் கண்டதையும் வகுப்பில் கற்றதையும் சேர்த்தே இங்குச் சொல்கிறேன்.

பழைய வண்டிவீடு

வீட்டோடு வழிநடப்பது மேனாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று எண்ண வேண்டா. உல்லாசப் பயணத்துக்கென்றே கட்டிய முதல் வண்டிவீடு என்று இங்கிலாந்தில் போற்றப்படுவது, கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் மருத்துவர் 1885இல் செய்வித்த ‘வாண்டரர்’. அதை இழுத்தவை குதிரைகள். அதற்குப் பல நூற்றாண்டு முன்பே நம் உமணர் உப்பு வண்டிகளில் குடும்பத்தோடு ஊர்விட்டு ஊர் சென்றனர். கைக்குழந்தையோடு ஒருத்தி எருதுகளை ஓட்டுவதையும், கோழி அடையும் கூடு வண்டியிலேயே இருப்பதையும் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது.

அவ்வுமணர் மறவாமல் எடுத்துச் சென்ற பொருள் ஒன்றுண்டு. வண்டியின் அடிமரத்தில் இன்னோர் அச்சைக் கட்டிவைத்தனர். அதன் பெயர் சேம அச்சு. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் அவ்வையார், அதியமான் மகன் பொகுட்டெழினிக்கு அதையே உவமையாக்குகிறார். பள்ளத்தில் இறங்குமோ, மேட்டில் ஏறுமோ, வழியில் என்ன நேருமோ என்று எண்ணியவர் கட்டிய அச்சு அது. வண்டிப் பயணத்தின் முழு அறிவும் அந்த ஓர் அச்சில் அடங்கியிருக்கிறது: வசதியைப் பின்னர் எண்ணு, வழியில் முறியக்கூடியதை முன்னர் எண்ணு.

இன்று இப்பயணம் நம் பக்கத்துக்கும் வந்துவிட்டது. கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. 2022இல் இடுக்கி மாவட்டத்து வாகமணில் அவ்வண்டிகளுக்கான முதல் பூங்கா திறக்கப்பட்டது. அங்கே பெரிதும் பேசப்படுவது தானே ஓடும் வண்டி. நம் நண்பர்கள் விரும்புவதோ காரின் பின்னே பூட்டும் இழுவண்டி. அதற்கென்று தனி இயல்புகள் உண்டு.

முன்பாரமே முதற்பாடம்

மாட்டுவண்டியில் பாரம் ஏற்றுவோர் இரண்டு சொற்களை எப்போதும் சொல்வர்: முன்பாரம், பின்பாரம். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே தூக்கும். மாடு காலூன்ற இயலாது. ஆகவே சற்றே முன்பாரமாக ஏற்றுவது வண்டிக்காரர் வழக்கம்.

காரின் கொக்கிக்கும் இதே விதிதான். இழுவண்டியின் மொத்த எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கொக்கியின்மேல் அமர வேண்டும். 800 கிலோ வண்டியானால் 80 கிலோ. காரையும் கொக்கியையும் செய்தவர் விதித்த எல்லை இதனினும் குறைவானால், அந்த எல்லைக்குள் நிற்குமாறு வண்டியின் பாரத்தையே குறைக்க வேண்டும். அளப்பது எளிது. வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வையுங்கள். ஏர்க்காலின் முனையைக் கொக்கியின் உயரத்தில் ஒரு கட்டைமேல் ஏற்றி, அக்கட்டையைத் தராசின்மேல் நிறுத்துங்கள். தராசு காட்டுவதே முன்பாரம்.

எங்கள் ஊரில் உறவினர் ஒருவர் வீட்டு இளைஞர்கள் சிறிய இழுவண்டி ஒன்றில் சமையற் பாத்திரங்களையும் அரிசி மூட்டைகளையும் ஏற்றி நின்றனர். மூட்டையெல்லாம் பின்கதவை ஒட்டி இருந்தது, இறக்குவதற்கு எளிதாம். அவ்வழியே வந்த முதிய வண்டிக்காரர் ஒருவர் ஏர்க்காலை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். அது காகிதம்போல் எழுந்தது. “ஏன் கண்ணு, இது பின்பாரமா இருக்குதே! மாடா இருந்தா நின்னு சொல்லும்; காரு சொல்லாதே” என்றார். மூட்டைகள் இறங்கி, அச்சுக்குச் சற்று முன்னே மறுபடி ஏறின. கல்லூரியில் நான் கேட்ட பாடங்கள் சிலவற்றைவிட அந்த ஒரு வாக்கியம் பெரிது.

கணவாய்க் காற்று

பின்பாரத்தின் தீமை ஊர்த்தெருவில் தெரியாது, வேகத்தில் தெரியும். பின்னே கனத்த வண்டி, ஊஞ்சல்போல் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே அவ்வாட்டம் தானே அடங்கும். அதற்கு மேலே ஒவ்வோர் ஆட்டமும் முன்னதைவிடப் பெரிதாகும். முடிவில் காரையும் திருப்பிவிடும்.

ஆட்டத்தைத் தொடங்கிவைக்க ஒரு சிறு தள்ளுதல் போதும். எங்கள் பகுதியில் அதற்குக் குறைவில்லை. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலையே திறந்து நிற்கும் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவத்தில் கடற்காற்று அவ்வாயில் வழியே பீறிட்டுக் கிழக்கே பாய்கிறது. அக்காற்றை நம்பியே கணவாயின் இருபுறமும் காற்றாலைகள் நிற்கின்றன. கிழக்கு மேற்காகச் செல்லும் சாலையில் அது எதிர்க்காற்று அல்லது பின்காற்று; வடக்கு தெற்காகத் திரும்பியவுடன் அதுவே பக்கக்காற்று. வீட்டுவண்டியின் உயர்ந்த பக்கச்சுவர் அதற்குப் பாய்மரம். பெரிய பேருந்து ஒன்று ஒட்டிக் கடக்கும்போதும் அத்தகைய தள்ளுதல் உண்டு.

ஆட்டம் தொடங்கினால் செய்ய வேண்டியது என்ன? வேகம் கொடுக்கும் காலை மெல்ல எடுங்கள். வளையத்தை நேராகப் பிடியுங்கள். ஆட்டத்தை எதிர்த்துத் திருப்பாதீர்கள். காரின் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். இழுவண்டிக்குத் தனிப் பிரேக்கும் கைப்பிடியும் இருந்தால் அதை மட்டும் மெல்ல இழுங்கள். வேகம் குறைந்தால் ஆட்டம் அடங்கும். அடங்கிய பின் ஓரத்தில் நிறுத்தி, பாரத்தை மாற்றி ஏற்றாமல் மறுபடி புறப்படலாகாது.

சக்கரத்தின் உடல்நலம்

மாட்டுவண்டிக்குக் கடையாணியும் மசகும் எப்படியோ, இழுவண்டிக்கு நட்டும் கிரீஸும் அப்படி. இழுவண்டி ஓடும் நாளினும் நிற்கும் நாளே மிகுதி. நிற்கும்போது பேரிங்கில் ஈரம் புகும்; துருப் பிடிக்கும். ஆகையால் நெடும்பயணத்துக்கு முன் பேரிங்கைக் கழற்றித் துடைத்துப் புதிய கிரீஸ் இட வேண்டும். புறப்பட்டு 20, 30 கிலோமீட்டரில் நிறுத்தி ஒவ்வொரு சக்கரக் குடத்தின் அருகிலும் கையை நீட்டிப் பாருங்கள், முதலில் தொடாதீர்கள். ஒன்று மட்டும் மற்றவற்றினும் மிகச் சூடாக இருந்தால், பேரிங் இறுகியிருக்கலாம், அல்லது பிரேக் விடாமல் பிடித்திருக்கலாம். சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுழற்றினால் கரகரப்பும் தளர்வும் தெரியும். சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால், முதல் 80 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும்.

டயர் வெடிப்பதற்கு ஆணி குத்த வேண்டியதில்லை. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது, அந்நசுக்கம் வெப்பமாகிறது, வெப்பம் ரப்பரையும் நூலடுக்கையும் பிரிக்கிறது. காற்றை, வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும் காலையில் அளக்க வேண்டும். டயரின் வயதையும் பாருங்கள். அதன் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் உண்டு: 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பள்ளங்கள் ஆழமாக இருப்பதைக் கண்டு மயங்க வேண்டா. பக்கச்சுவரில் வெடிப்பு இருந்தால் அது கிழடு.

மாற்றுச் சக்கரத்தை நாம் ஸ்டெப்னி என்கிறோம். 1904இல் வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரில் டேவிஸ் உடன்பிறந்தார் உருவாக்கிய மாற்றுச் சக்கரத்தின் பெயர் அது. அவ்வூர்த் தெரு ஒன்றின் பெயரால் வந்தது. அச்சொல் நம் நாட்டில் வீட்டுச் சொல்லாகிவிட்டது, பொருளைத்தான் மறக்கிறோம். காரின் ஸ்டெப்னி இழுவண்டிக்குப் பொருந்தும் என்று நம்பிவிடாதீர்கள். துளைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும் வேறுபடலாம். இழுவண்டிக்கெனத் தனிச் சக்கரம், அதைத் தூக்கும் ஜாக்கி, ஒரு தொகுதி பேரிங், ஒரு டப்பா கிரீஸ் ஆகிய நான்கும் இன்றைய சேம அச்சு. வீட்டு வாசலிலேயே ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழகுங்கள்.

விளக்கு சொல்லும் செய்தி

இழுவண்டியில் அடிக்கடி கெடுவது விளக்கு. உடனே பல்பை மாற்றுவர், பயன் இராது. இடப்பக்கச் சைகை விளக்கு மின்னும்போது பிரேக் விளக்கும் கூடவே மங்கலாக மினுங்குகிறதா? அப்படியானால் குற்றம் பல்பில் இல்லை. எர்த்துக் கம்பியில் இருக்கிறது. திரும்பிச் செல்ல நேர்வழி கிடைக்காத மின்சாரம், அடுத்த விளக்கின் வழியே புகுந்து போகிறது. எர்த்துக் கம்பி சட்டத்தோடு சேருமிடத்தைத் துரு நீங்கத் தேய்த்து இறுக்கினால் பெரும்பாலும் தீரும்.

வண்டிக்குள் மின்விசிறிக்கும் விளக்குக்கும் தனி பேட்டரி வையுங்கள். கணக்கு எளிது. 12 வோல்ட்டில் 60 வாட் கருவி 5 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர்–மணி ஈய பேட்டரியில் பாதியைத்தான் செலவிடலாம். எனவே 10 மணி நேரம். அதற்குமேல் ஆசைப்பட்டால் பேட்டரியின் ஆயுள் குறையும்.

தண்ணீரும் நெருப்பும்

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 100 லிட்டர்த் தொட்டி பின்புறம் இருந்தால், பார்த்துப் பார்த்து அமைத்த முன்பாரம் கெட்டது. தொட்டி அச்சின்மேல் இருக்கட்டும். ஓடும்போது நிறைந்தோ வெறுமையாகவோ இருக்கட்டும். அரைத்தொட்டி நீர் தானே அலைந்து வண்டியையும் அலைக்கும்.

சமையல்வாயு காற்றினும் கனமானது; கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே தரையை ஒட்டித் திறந்த துளைகள் இருக்க வேண்டும். உருளையை நிமிர்த்திக் கட்டுங்கள். இணைப்புகளைச் சோப்பு நீரால் சோதியுங்கள். குமிழி எழுந்தால் கசிவு. ஓடும்போது வாயுவை மூடிவிடுங்கள். கதவடைத்து அடுப்பெரித்துக் குளிர்காயாதீர்கள். மணமற்ற கார்பன் மோனாக்சைடு உறங்குவோரை எழுப்பாமலே கொன்றுவிடும்.

மலையிறக்கம்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் இழுவண்டியின் சக்கரம் காரின் தடத்தைப் பின்பற்றாது. உட்புறம் ஒதுங்கி ஓடும். ஏறும்போது இடர் அது, இறங்கும்போது வேறொன்று. 1,500 கிலோ காரும் 1,000 கிலோ இழுவண்டியும் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல், 80 லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரும். அவ்வளவு வெப்பத்தையும் பிரேக்கின்மேல் சுமத்தினால் அது பிடிப்பை இழக்கும். ஆகவே தாழ்ந்த கியரில் எஞ்சினைக் கொண்டே வேகத்தை அடக்க வேண்டும். பழகாதவர் இழுவண்டியை அடிவாரத்தில் நிறுத்திவிட்டுக் காரில் மட்டும் ஏறுவதே அறிவுடைமை.

புறப்படுமுன்

நம் நாட்டுச் சட்டத்தையும் நினைவிற் கொள்க. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இழுவண்டியையும் மோட்டார் வாகனம் என்றே கொள்கிறது. எனவே அதற்கும் பதிவு வேண்டும். ஓடும் இழுவண்டிக்குள் ஒருவரும் இருக்கலாகாது. தங்குவதற்குத்தான் அது வீடு. ஓடும்போது அது வெறும் பாரம்.

புறப்படும் காலையில் ஒருவர் சொல்ல, ஒருவர் தொட்டுப் பார்க்க, இவ்வரிசையில் சோதியுங்கள்: கொக்கி பூட்டியதா? பாதுகாப்புச் சங்கிலிகள் ஏர்க்காலுக்கு அடியில் குறுக்காக மாட்டியிருக்கின்றனவா? முன்பாரம் சரியா? காற்று, நட்டு, விளக்கு, பிரேக் சரியா? வாயு மூடியதா? மாற்றுச் சக்கரம் ஏறியதா? முட்டுக்கட்டையை எடுத்து உள்ளே வைத்தாயிற்றா? பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

நண்பர்களே, பயணத்தைத் தடுக்க இதை எழுதவில்லை. கணவாயைக் கடந்து செல்லுங்கள்; எங்கள் ஊர்ப் பனைகளின் நிழலில் ஓரிரவு தங்குங்கள். மன்ற அறையில் தொங்கும் பட்டியலில் மட்டும் ஒரு திருத்தம் செய்யுங்கள். மெத்தையின் பெயரை இறுதிக்குத் தள்ளி, முதல் வரியில் மாற்றுச் சக்கரத்தை எழுதுங்கள்.