நாய்க்குட்டிக்குச் சாம்பார் சாதம் போடலாமா?

வீட்டுக்குப் புதுசாக ஒரு நாய்க்குட்டி வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். பாட்டியோ பாவம், பரிவோடு மிச்சமான சாம்பார் சாதத்தைப் பிசைந்து வைக்கிறார். பெரம்பலூர், அரியலூர் பக்கத்துச் சாம்பார் என்றால் சொல்ல வேணுமா? செட்டிகுளத்துச் சின்ன வெங்காயம் கைநிறைய விழுந்திருக்கும். வினையே அங்கேதான்!

வெங்காயமும் பூண்டும் நமக்கு மருந்து. சித்த மருத்துவனான நானே உங்களுக்குச் சிபாரிசு செய்வேன். ஆனால், நாயின் உடம்பு வேறு. இவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. சோர்வு, வெளுத்த ஈறு, செந்நிறச் சிறுநீர் எல்லாம் சில நாள் கழித்துத்தான் தெரியும். திராட்சை, சாக்லெட், வெந்த கோழி எலும்பு இவையும் வேண்டாம்.

என்ன கொடுக்கலாம்?

எட்டு வாரம் வரை குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். வந்த புதிதில், முன்பு சாப்பிட்ட உணவையே கொடுத்து, ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக மாற்றுங்கள். வெறும் பால் சோறு போதாது. பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். குட்டிகளுக்கென்றே விற்கும் உணவு நல்லது. வீட்டுச் சமையல்தான் என்றால், உப்பு, காரம் இல்லாமல் குழைந்த சோறு, எலும்பு நீக்கிய கோழிக்கறி, வெந்த முட்டை என்று வையுங்கள். சுண்ணாம்புச் சத்து எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும். மூன்று மாதம் வரை தினம் நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, அப்புறம் இரண்டு. தண்ணீர் எப்போதும் இருக்கணும்.

கூண்டு ஜெயில் அல்ல

குட்டி நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடமிருந்தால் போதும். ரொம்பப் பெரிசானால் ஒரு மூலையில் அசுத்தம் செய்து, மறு மூலையில் தூங்கும். முதலில் கதவைத் திறந்தே வைத்து உள்ளே சாப்பாடு வையுங்கள். அதுவாகப் போய்ப் படுக்கப் பழகியதும், சில நிமிடம் மட்டும் சாத்திப் பாருங்கள். சாப்பிட்டதும், தூங்கி எழுந்ததும் வெளியே கூட்டிப் போங்கள். இரண்டு மாதக் குட்டியால் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. தண்டனையாக அடைக்காதீர்கள். நம்ம ஊர் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகை அடியில் கூண்டை வைப்பது, குட்டியை அடுப்பில் வைப்பது மாதிரி.

கடைசியாக ஒன்று

குடற்புழு மருந்தும், மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசியும் கட்டாயம். விளையாட்டாகப் பல் பட்டு ரத்தம் வந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, பச்சிலை எதையும் அப்பாதீர்கள். தொப்புளைச் சுற்றிப் போட்ட பழைய ஊசியெல்லாம் 2005-க்குப் பிறகு கிடையாது, இப்போது கையில்தான். வெறிநோய் வந்த பிறகு காப்பாற்ற எங்கள் ஏட்டிலும் மருந்தில்லை, அலோபதியிலும் இல்லை. வருமுன் காப்பதே வைத்தியம்!